பல்கலைக்கழகத்தில் ஒரு வாரப் பொது நிகழ்ச்சிகளை நடத்துவது எப்படி: முழுமையான வழிகாட்டி

ஏழு நாள், பத்துப் பன்னிரண்டு நிகழ்ச்சிகள். பொதுச் சொற்பொழிவுகள், இரண்டு மூன்று கச்சேரிகள், ஒரு கண்காட்சி, ஒரு திரையிடல், கடைசி நாளில் ஒரு விவாத மேடை. இப்படியொரு வாரத்தை முதல்முறை கையில் எடுப்பவர்கள் பெரும்பாலும் ஒரே கேள்வியில்தான் தொடங்குகிறார்கள்: "யாரைக் கூப்பிடலாம்?" அது நான்காவது வேலை. அதை முதலில் செய்தால் ஆள் வருவார், அரங்கம் இருக்காது.

நான் பார்த்த சறுக்கல்களில் பெரும்பாலானவை மேடையில் யாரும் பேசிக்கொண்டோ வாசித்துக்கொண்டோ இருந்தபோது நடந்தவை அல்ல. ஒரு நிகழ்ச்சி முடிந்து அடுத்தது தொடங்கும் வரையுள்ள ஒன்றிரண்டு மணி நேரத்தில் நடந்தவை. கீழே உள்ள வரிசை அந்த நடுவேளையை மனதில் வைத்துப் போட்டது. படிகளை இடம் மாற்றாதீர்கள்.

## தொடங்கும் முன் கையில் இருக்க வேண்டியவை

நான்கு பொருள்கள் போதும். நிர்வாகத்தின் எழுத்துவழி அனுமதி, செலவுக்கு ஒதுக்கிய தொகை, கல்வியாண்டு நாட்காட்டி, முடிவெடுக்கும் ஒரே ஒரு ஆள்.

கடைசியாகச் சொன்னதைத்தான் எல்லாரும் விட்டுவிடுகிறார்கள். குழு ஆலோசனை சொல்லலாம். ஆனால் மாலை ஐந்தேகால் மணிக்கு ஒரு பேச்சாளரின் வண்டி பாதி வழியில் நின்றுவிட்டால் குழுவைக் கூட்ட முடியாது. அந்த நேரத்தில் யார் சொல்வது இறுதி என்பதை முன்பே எழுதி வையுங்கள்.

தொகையில் பத்தில் ஒரு பங்கைத் தொடாமல் ஒதுக்குங்கள். வாரத்தின் நடுவில் ஏதாவது ஒன்று வாடகைக்கு எடுக்க வேண்டிவரும்.

## 1. வாரத்தைத் தேர்ந்தெடுத்தல்

தேர்வுக்கும் அதற்கு முந்தைய இரண்டு வாரங்களுக்கும் முதலில் கோடு போடுங்கள். மாணவர்கள் வரமாட்டார்கள் என்பது ஒரு காரணம். பெரிய அரங்கங்கள் தேர்வுக் கூடங்களாக மாறிவிடும் என்பது அதைவிடப் பெரிய காரணம். பருவத்தின் முதல் வாரமும் வேண்டாம். புதிதாகச் சேர்ந்தவர்களுக்கு அப்போது கட்டடங்களின் பெயர்கூடத் தெரியாது.

பிறகு பராமரிப்புப் பிரிவுக்குப் போய், அந்த வாரத்தில் சுவர் துளைக்கும் வேலை, புல் வெட்டுதல், மின்தடை ஏதாவது திட்டமிட்டிருக்கிறார்களா என்று கேளுங்கள். இந்தக் கேள்வியை யாரும் கேட்பதில்லை. வயலின் கச்சேரி நடக்கும்போது ஜன்னலுக்கு வெளியே புல்வெட்டும் இயந்திரம் ஓடினால் பிறகு யாரைக் கேட்டும் பயனில்லை.

ஏழு மாலைகளையும் நிரப்பாதீர்கள். ஐந்தாவது நாளோ ஆறாவது நாளோ ஒரு மாலையைக் காலியாக விடுங்கள். தள்ளிப்போன நிகழ்ச்சி போய் உட்கார அதுதான் இடம். ஒன்றும் தள்ளிப்போகவில்லை என்றால் உங்கள் ஆட்கள் தூங்குவார்கள், அதுவும் தேவைதான்.

## 2. அரங்கங்களை நேரில் பார்த்தல்

பட்டியலில் "300 இருக்கைகள், ப்ரொஜெக்டர் உண்டு" என்றிருக்கும். அதை நம்பி நேரம் ஒதுக்காதீர்கள். நிகழ்ச்சி எந்த நேரத்தில் நடக்குமோ அதே நேரத்தில் போய்ப் பாருங்கள். காலையில் அமைதியாக இருக்கும் அரங்கத்துக்குப் பக்கத்தில் மாலையில் விளையாட்டுப் பயிற்சி நடக்கலாம். மேற்கு ஜன்னல் வெயில் திரையில் விழலாம்.

மேடையின் நடுவில் நின்று ஒருமுறை பலமாகக் கைதட்டுங்கள். ஒலி எவ்வளவு நேரம் தங்குகிறது என்று கவனியுங்கள். பேச்சுக்கு அது ஒரு விநாடிக்குள் அடங்க வேண்டும், இல்லாவிட்டால் ஒரு சொல்லின் வால் அடுத்த சொல்லின் மேல் விழும். பெரிய வாத்தியக் குழுவின் இசைக்கு இரண்டு விநாடிவரை தங்குவது அழகு. ஆகவே நல்ல கச்சேரி அரங்கம் நல்ல சொற்பொழிவு அரங்கமாக இருக்க வேண்டியதில்லை. "பெரிய பேச்சாளர், பெரிய அரங்கம்" என்ற கணக்கு பல நேரம் தப்பாகிறது.

இன்னொன்று, ஆள் பாதி நிறைந்த பெரிய அரங்கத்தைவிட நிறைந்து வழியும் சிறிய அரங்கம் எப்போதும் மேல். வழிந்தவர்களுக்குப் பக்கத்து அறையில் திரை வைத்து நேரலை காட்டலாம்.

அங்கேயே நின்று இவற்றைக் குறித்துக்கொள்ளுங்கள்:

- சாவி யாரிடம் இருக்கிறது, அவர் விடுப்பில் போனால் யாரிடம்?
- குளிர்சாதனமும் விளக்கும் குறிப்பிட்ட மணிக்குத் தானாக அணைந்துவிடும்படி வைத்திருக்கிறார்களா?
- சக்கர நாற்காலி உள்ளே வருமா? சாய்தளம் 1:12 என்ற சரிவைவிட (12 அடி நீளத்துக்கு 1 அடி உயரம்) செங்குத்தாக இருந்தால் தானே தள்ளிக்கொண்டு வருபவர் ஏறுவது கடினம். மேடைக்கும் இதைப் பாருங்கள். பேச்சாளரே சக்கர நாற்காலியில் வரலாம்.
- தீ விபத்து விதிப்படி எத்தனை பேருக்கு அனுமதி? நாற்காலியின் எண்ணிக்கை வேறு, இது வேறு. நடைபாதையில் கூடுதல் நாற்காலி போடுவது இந்தக் கணக்கை உடைக்கும்.

இரண்டாவது கேள்வியைச் சிரித்துக்கொண்டே கடந்துவிடாதீர்கள். கச்சேரியின் கடைசி உருப்படியில் அரங்கமே இருண்டுபோன ஒரு மாலையில் நான் இருந்திருக்கிறேன். அணைத்தது யாருமில்லை, ஒரு டைமர்.

## 3. கட்டம் போடுதல்

இந்தப் படிக்குத்தான் அதிக நேரம் கொடுக்க வேண்டும். ஒரு பெரிய தாளில் ஒவ்வொரு அரங்கத்துக்கும் ஒரு கட்டம் வரையுங்கள். மேலே நாட்கள், பக்கவாட்டில் அரை மணி அரை மணியாக நேரம். மூன்று நிறங்கள் வேண்டும். மக்கள் இருக்கும் நேரத்துக்கு ஒன்று, ஆட்கள் பொருளை நகர்த்தும் நேரத்துக்கு ஒன்று, அமைதி தேவைப்படும் நேரத்துக்கு ஒன்று. புதியவர்கள் முதல் நிறத்தை மட்டும் தீட்டுவார்கள். அதனால்தான் கட்டத்தில் எல்லாம் பொருந்திவிட்டதுபோலத் தெரியும்.

கச்சேரிகளை முதலில் வையுங்கள். அவை அசைக்க முடியாத கற்கள். மாலை 7 முதல் 9 வரை நடக்கும் பியானோ கச்சேரி ஒன்று அரங்கத்தை உண்மையில் எவ்வளவு நேரம் எடுத்துக்கொள்கிறது என்று பாருங்கள்:

- 1:00 – பியானோ மேடைக்கு வருகிறது, நாற்காலிகள், விளக்குகள் அமைக்கப்படுகின்றன.
- 2:30 – சுருதி சேர்ப்பவர் வேலை செய்கிறார். பக்கத்தில் ஒரு நாற்காலியை இழுத்தாலும் அவர் நிறுத்திவிடுவார்.
- 4:00 – கலைஞர் ஒத்திகை, ஒலி சரிபார்ப்பு.
- 5:30 – கலைஞருக்கு ஓய்வு. பியானோவில் சிறு திருத்தம்.
- 6:30 – கதவு திறக்கிறது.
- 9:00 – முடிகிறது. மேடை காலியாக இன்னும் ஒரு மணி நேரம்.

இரண்டு மணி நேரக் கச்சேரி ஒன்பது மணி நேரத்தை விழுங்கிவிட்டது. "நாலு மணிக்கு அதே அரங்கத்தில் ஒரு சொற்பொழிவு வைக்கலாமே" என்று யாராவது சொன்னால் இந்தப் பட்டியலைக் காட்டுங்கள். சுவர் பொதுவாக உள்ள பக்கத்து அரங்கத்தில் வைப்பதும் கூடாது. ஒத்திகையில் மிருதங்கமோ டிரம்ஸோ இருந்தால் சொற்பொழிவு கேட்பவர்களுக்கு அதுதான் கேட்கும்.

கச்சேரிகள் அமர்ந்தபின் சொற்பொழிவுகளை வையுங்கள். எல்லா நாளும் ஒரே நேரத்தில் தொடங்குங்கள். வாரம் முழுவதும் ஆறு மணி என்றால் மூன்றாம் நாள் மக்கள் அழைப்பிதழைப் பார்க்காமலே வருவார்கள். ஒரு நாள் ஐந்தரை, மறுநாள் ஆறேகால் என்றால் கடைசிவரை தொலைபேசியில் பதில் சொல்லிக்கொண்டிருப்பீர்கள்.

ஒரே கூட்டம் இரண்டையும் பார்க்க விரும்பும் என்றால், முதல் நிகழ்ச்சி முடிவதாக அறிவித்த நேரத்துக்கும் அடுத்தது தொடங்குவதற்கும் நடுவில் அரை மணி விடுங்கள். கேள்வி நேரம் பத்து நிமிடம் நீளும், மக்கள் நடந்து வரப் பத்து நிமிடம், கழிவறை வரிசைக்குப் பத்து நிமிடம்.

வெளிநாட்டிலிருந்து பேச்சாளர் வந்தால் தொடங்கும் நேரத்தை வாய்விட்டு உறுதிசெய்யுங்கள். ஜெர்மன் பல்கலைக்கழகங்களில் நேரத்துக்குப் பக்கத்தில் 'சி.டி.' என்று போட்டிருந்தால் கால் மணி நேரம் கழித்துத்தான் தொடங்கும், 'எஸ்.டி.' என்றால் சொன்ன நிமிடத்தில். அந்தப் பழக்கத்தில் ஊறியவர் உங்கள் ஆறு மணியை ஆறேகால் என்று எடுத்துக்கொள்ளக்கூடும்.

## 4. அழைத்தல்

இப்போதுதான் கடிதம் எழுத வேண்டும், ஏனென்றால் இப்போதுதான் நாளும் நேரமும் இடமும் உங்கள் கையில் இருக்கின்றன. "ஏதாவதொரு நாள் வருவீர்களா" என்று கேட்டால் "பார்க்கலாம்" என்று பதில் வரும். "வியாழன் மாலை ஆறு மணி" என்று கேட்டால் ஆமாம், இல்லை இரண்டில் ஒன்று வரும்.

பேச்சாளருக்கான கடிதத்தில் யார் கேட்க வருகிறார்கள் என்பதைத் தெளிவாக எழுதுங்கள். "பொதுமக்கள், துறை சாராதவர்கள், பள்ளி மாணவர்களும் இருப்பார்கள்" என்று எழுதாவிட்டால், அவர் போன மாதக் கருத்தரங்கில் வாசித்த கட்டுரையையே எடுத்து வருவார். பேச்சு 45 நிமிடம், கேள்விகள் 15 நிமிடம் என்று பிரித்துச் சொல்லுங்கள். "ஒரு மணி நேரம்" என்று மட்டும் எழுதினால் ஒரு மணி நேரமும் அவர் பேசுவார்.

தலைப்பு, ஐந்து வரிச் சுருக்கம், தன்னைப் பற்றிய குறிப்பு மூன்றுக்கும் கெடு தேதி கொடுங்கள். உங்களுக்கு உண்மையில் தேவைப்படும் நாளுக்கு இரண்டு வாரம் முன்பான தேதியாக அது இருக்கட்டும். கூடவே அவர் பெயரை எப்படி உச்சரிப்பது என்றும் கேளுங்கள். வரவேற்பவர் பெயரைத் தப்பாகச் சொல்லித் தொடங்கும் மாலை சரிவர நேரமெடுக்கும்.

இசைக்கலைஞர்களிடம் கேட்க வேண்டியவை வேறு. எத்தனை பேர், என்னென்ன வாத்தியம், யார் எங்கே உட்காருவார் அல்லது நிற்பார் என்ற மேடை வரைபடம், எத்தனை மைக். பியானோ என்றால் எந்தச் சுருதி? 'ஏ' என்ற ஸ்வரத்துக்கு 440 ஹெர்ட்ஸ் சர்வதேசத் தரம், ஆனால் 442 கேட்பவர்களும் உண்டு. சுருதி சேர்ப்பவர் வருவதற்கு முந்தைய நாள் இதைத் தெரிந்துகொண்டால் அது தாமதம்.

ஒவ்வொரு சொற்பொழிவுக்கும் மாற்று ஆள் தேட வேண்டாம். வாரம் முழுவதற்கும் உள்ளூர் ஆசிரியர் ஒருவர், எப்போதும் தயாராக ஒரு நல்ல பேச்சு வைத்திருப்பவர், சம்மதித்திருந்தால் போதும்.

## 5. அனுமதிகளும் உரிமைகளும்

இதில் மூன்று தனித்தனி விஷயங்கள் ஒன்றாகக் குழப்பப்படுகின்றன. ஒரு இசைப் படைப்பை மக்கள் முன் நிகழ்த்தும் உரிமை ஒன்று. அந்த நிகழ்த்தலைப் பதிவுசெய்யும் உரிமை இன்னொன்று. அதை இணையத்தில் ஏற்றும் உரிமை மூன்றாவது. ஒன்றுக்கு அனுமதி வாங்கினால் மற்ற இரண்டும் வந்துவிடாது.

படைப்புரிமை பற்றிய சர்வதேச ஒப்பந்தமான பெர்ன் உடன்படிக்கைப்படி படைப்பாளரின் ஆயுளுக்குப் பின்னும் குறைந்தது 50 ஆண்டுகள் காப்புரிமை நீடிக்கும். இந்தியாவில் 60, ஐரோப்பிய ஒன்றிய நாடுகளில் 70. இசையமைத்தவர் இருநூறு ஆண்டுக்கு முந்தையவர் என்றாலும், மேடையில் வாசிப்பவருக்குத் தன் வாசிப்பின்மீது தனி உரிமை உண்டு. ஆகவே கலைஞரிடம் எழுத்தில் வாங்குங்கள், அழைப்புக் கடிதத்தோடேயே. கச்சேரி முடிந்து பாராட்டு மழையில் இருப்பவரிடம் காகிதத்தை நீட்டுவது நாகரிகமில்லை, பலனும் நிச்சயமில்லை.

திரையிடலுக்கும் இதே விதி. வீட்டில் பார்க்க வாங்கிய வட்டையோ இணையச் சந்தாவையோ வைத்துப் பொது அரங்கில் படம் காட்ட முடியாது.

## 6. அறிவிப்பும் பதிவும்

சுவரொட்டியில் கிழமையும் தேதியும் பொருந்துகின்றனவா என்று இருவர் தனித்தனியாக நாட்காட்டியை வைத்துச் சரிபாருங்கள். நான் பார்த்ததில் அதிகம் அச்சான தப்பு இதுதான். கட்டடம், தளம், எந்த வாசல் வழியே வர வேண்டும், எத்தனை மணிக்கு முடியும், அனுமதி இலவசமா, பதிவு கட்டாயமா என்பவையும் இருக்க வேண்டும். முடியும் நேரத்தைப் பலர் விட்டுவிடுகிறார்கள். கடைசிப் பேருந்தைப் பிடிக்க வேண்டியவர் அதைப் பார்த்துத்தான் வருவதா வேண்டாமா என்று முடிவுசெய்கிறார்.

கியூஆர் குறியீடு போட்டால் அச்சான தாளில் சோதியுங்கள், கணினித் திரையில் வேண்டாம். எவ்வளவு தூரத்திலிருந்து படம்பிடிப்பார்களோ அதில் பத்தில் ஒரு பங்கு அகலம் வேண்டும் என்பது நடைமுறைக் கணக்கு. இரண்டு மீட்டர் தள்ளி நிற்பவருக்கு 20 செண்டிமீட்டர்.

இலவச நிகழ்ச்சிக்குப் பதிவு செய்தவர்களில் ஒரு பகுதியினர் வரவே மாட்டார்கள். ஆகவே "தொடங்குவதற்குப் பத்து நிமிடம் முன்புவரை இடம் காக்கப்படும், பிறகு வரிசையில் நிற்பவர்களுக்கு" என்று பதிவுச் சீட்டிலேயே எழுதுங்கள். எழுதாவிட்டால் வாசலில் சண்டை வரும், அதைத் தீர்க்க வேண்டியவர் இரண்டாம் ஆண்டு மாணவத் தன்னார்வலர்.

## 7. ஆட்களும் வேலைகளும்

ஒவ்வொரு நிகழ்ச்சிக்கும் ஐந்து வேலைகள்: வாசல், கேள்வி மைக், கணினி, நேரம், பேச்சாளர் அல்லது கலைஞருக்குத் துணை. ஒருவருக்கு ஒரு வேலை. துணையாக இருப்பவருக்கு வேறு எதையும் கொடுக்காதீர்கள். விருந்தினர் வண்டியிலிருந்து இறங்கும் நொடியிலிருந்து திரும்ப ஏறும்வரை அவர் கூடவே இருப்பதுதான் அந்த வேலை.

தொடர்ந்து இரண்டு நிகழ்ச்சிகளில் ஒரே ஆளைப் போடாதீர்கள். முதல் நிகழ்ச்சி நீண்டால் இரண்டாவதில் வாசலில் ஆளிருக்காது.

சைகைமொழி பெயர்ப்பு ஏற்பாடு செய்தால் இருவர் வேண்டும். ஏறக்குறைய 20 நிமிடத்துக்கு ஒருமுறை மாறிக்கொள்வார்கள், களைத்த மூளை சொற்களைத் தவறவிடும். அவர்கள் நிற்கும் இடத்தில் வெளிச்சம் இருக்க வேண்டும். ஸ்லைடு காட்ட விளக்குகளை அணைக்கும்போது அவர்களையும் சேர்த்து அணைத்துவிடுவது வழக்கமான பிழை.

## 8. சொற்பொழிவு நாள்

பேச்சாளரின் கோப்பை முந்தைய நாளே வாங்கி அரங்கக் கணினியில் ஏற்றித் திறந்து பாருங்கள். எழுத்துரு மாறி தமிழ் எழுத்துகள் கட்டம் கட்டமாகத் தெரியலாம். அதனால் பிடிஎஃப் நகல் ஒன்றையும் கேளுங்கள், அதில் பெரும்பாலும் எழுத்துரு உள்ளேயே பொதிந்திருக்கும். காணொளி இருந்தால் ஒலி அரங்க ஸ்பீக்கரில் வருகிறதா என்று பாருங்கள். சொந்த மடிக்கணினியில்தான் காட்டுவேன் என்பவருக்காக யூஎஸ்பி-சி, எச்டிஎம்ஐ, பழைய விஜிஏ மூன்றுக்குமான இணைப்பிகளை மேசையில் ஒட்டியே வையுங்கள். ஒட்டாதவை காணாமல் போகும்.

மைக் ஊளையிடுவது ஏன் என்று தன்னார்வலர் எல்லாருக்கும் ஒருமுறை சொல்லிக்கொடுங்கள். ஸ்பீக்கரிலிருந்து வரும் ஒலியை மைக் மறுபடி வாங்கி மறுபடி அனுப்புகிறது, அந்தச் சுற்று பெருகுகிறது. ஆகவே மைக்குடன் ஸ்பீக்கருக்கு முன்னால் போகக் கூடாது. பேசுபவர் மைக்கிலிருந்து இரட்டிப்பு தூரம் விலகினால் வாய் ஒலி ஏறக்குறைய 6 டெசிபெல் குறையும். அதை ஈடுகட்டச் சவுண்ட்காரர் வால்யூமை ஏற்றுவார், ஊளை தொடங்கும். நடந்துகொண்டே பேசும் வழக்கமுள்ளவருக்குச் சட்டையில் குத்தும் மைக் கொடுத்துவிடுங்கள்.

நீண்ட அரங்கத்தில் பின்வரிசைக்குத் தனி ஸ்பீக்கர் வைத்தால் அதன் ஒலியைத் தாமதிக்க வேண்டும். ஒலி விநாடிக்குச் சுமார் 343 மீட்டர் போகும். முன் ஸ்பீக்கரிலிருந்து 17 மீட்டர் கடக்க 50 மில்லிவிநாடி ஆகிறது. கம்பி வழியே வரும் ஒலி பின் ஸ்பீக்கரில் உடனே ஒலித்துவிடும். தாமதிக்காவிட்டால் பின்வரிசைக்காரர் ஒவ்வொரு சொல்லையும் இருமுறை கேட்பார்.

தலைமை தாங்குபவருக்கு முதல் வேலை கடிகாரம். 10, 5, 0 என்று எழுதிய மூன்று அட்டைகளை முன்வரிசையில் இருப்பவர் காட்ட வேண்டும். அறிமுகம் இரண்டு நிமிடத்துக்குள். பேச்சாளரின் விருதுப் பட்டியலை வாசிக்கும்போது எடுத்துக்கொள்ளும் நேரம் கேள்வி நேரத்திலிருந்து போகிறது.

கேள்வி நேரத்தில் மைக்கைக் கேட்பவர் கையில் கொடுக்காதீர்கள். தன்னார்வலர் பிடித்துக்கொண்டு நிற்கட்டும். கையில் வாங்கியவர் சொந்தமாக ஒரு சொற்பொழிவைத் தொடங்கினால் திரும்ப வாங்க வழியில்லை. முதல் கேள்வி ஒன்றைத் தலைமை தாங்குபவர் தயாராக வைத்திருக்க வேண்டும், கூட்டம் வாய்திறக்கச் சிறிது நேரம் எடுக்கும்.

## 9. கச்சேரி நாள்

மேடை விளக்குகளைச் சுருதி சேர்ப்பதற்கு முன்பே எரியவிடுங்கள். வெப்பத்தில் கம்பி நெகிழ்ந்து சுருதி இறங்கும். அதே வெப்பத்தில் தோல் காய்ந்து இறுகி, தோல்கருவியின் சுருதி ஏறும். குளிர்ந்த மேடையில் ஒத்துப்போன இரண்டும் அரைமணி நேரத்தில் எதிரெதிர்த் திசையில் நகர்ந்திருக்கும்.

கண்டென்ஸர் மைக் (இயங்க மின்சாரம் தேவைப்படும் வகை) பயன்படுத்தினால் மிக்ஸரிலிருந்து, அதாவது ஒலிகளைக் கலக்கும் கருவியிலிருந்து, 48 வோல்ட் ஃபேன்டம் பவர் (மைக் கேபிள் வழியாகவே போகும் மின்சாரம்) போகிறதா என்று பாருங்கள். அது இல்லாவிட்டால் நல்ல மைக்கும் செத்த மைக்போலவே இருக்கும். பதற்றத்தில் கேபிளை மாற்றுவார்கள், மைக்கை மாற்றுவார்கள். அந்தப் பொத்தானைப் பார்க்கமாட்டார்கள். பவரைப் போடும்முன் அந்தச் சேனலின் ஒலியைக் குறைத்துவிடுங்கள், இல்லாவிட்டால் ஸ்பீக்கரில் 'டப்' என்று அடிக்கும்.

காலி அரங்கத்தில் ஒத்திகை எதிரொலி மிகுந்து கேட்கும். நிறைந்த அரங்கத்தில் உடலும் உடையும் ஒலியை உறிஞ்சிவிடும். எனவே ஒத்திகையில் "ரொம்ப முழங்குது" என்று எல்லாவற்றையும் வெட்டிவிடாதீர்கள். முதல் உருப்படியின்போது சவுண்ட்காரர் ஒருமுறை பின்வரிசைக்கு நடந்து போய்க் கேட்டுவிட்டு வரட்டும்.

தாமதமாக வருபவர்களை உருப்படிகளுக்கு நடுவில் மட்டும் உள்ளே விடுங்கள். எந்தெந்த இடத்தில் கதவு திறக்கலாம் என்று கலைஞரிடமே கேட்டு வாசலில் நிற்பவருக்கு எழுதிக் கொடுங்கள். இசை தெரியாத தன்னார்வலருக்கு ஒரு பகுதியின் நடுவில் வரும் மௌனமும் முடிவுபோலத்தான் தெரியும்.

## 10. நடுவேளை

ஒரு நிகழ்ச்சி முடிந்ததும் கூட்டத்தை முதலில் வெளியே அனுப்புங்கள். பேச்சாளரிடம் பேச விரும்புபவர்கள் மேடைக்கு வந்து சூழ்ந்துகொள்வார்கள், அரை மணி நேரம் நகரமாட்டார்கள். அவரை வரவேற்புக் கூடத்துக்கு அழைத்துப் போய்விட்டால் கூட்டமும் பின்னாலேயே போகும், மேடை உங்களுக்குக் கிடைக்கும்.

அடுத்து, கம்பியில்லா மைக்குகளின் மின்கலங்களை மாற்றுங்கள். பாதி இருக்கிறது என்று காட்டினாலும் மாற்றுங்கள். பாதி மின்கலம் அடுத்த நிகழ்ச்சியின் நடுவில்தான் தீரும். எடுத்தவற்றை ஒத்திகைக்குப் பயன்படுத்தலாம்.

மூன்றாவது, பழைய ஸ்லைடை மூடி அடுத்தவரின் முதல் ஸ்லைடைத் திரையில் போடுங்கள். நான்காவது, மேடையில் தண்ணீரும் பெயர்ப்பலகையும். ஐந்தாவது, நாற்காலிகளுக்கு அடியில் பாருங்கள். மறந்துவிட்ட பைகள் கிடைத்தால் அடுத்த கூட்டம் வருவதற்குமுன் எடுக்க வேண்டும், பிறகு யாருடையது என்று தெரியாது.

இந்த வரிசையை ஒரு அட்டையில் எழுதி மேடைக்குப் பின்னால் ஒட்டுங்கள். அந்த நேரத்தில் எல்லாரும் களைத்திருப்பார்கள், நினைவிலிருந்து யாரும் செய்யமாட்டார்கள்.

## 11. முடிந்த பிறகு

ஒவ்வொரு இரவும் பதிவுகளை இரண்டு இடங்களில் நகலெடுத்து, இரண்டையும் திறந்து கேட்ட பிறகுதான் மெமரி கார்டைக் காலிசெய்ய வேண்டும். களைப்பில் நகலெடுக்காமலே காலிசெய்த கார்டு ஒன்று ஒவ்வொரு குழுவின் கதையிலும் உண்டு.

எத்தனை பேர் வந்தார்கள் என்பதைப் பதிவுப் பட்டியலிலிருந்து எடுக்காதீர்கள். நிகழ்ச்சியின் நடுவில் ஒருவர் பின்னாலிருந்து தலைகளை எண்ணிக் குறிக்கட்டும். அடுத்த முறை எந்த அரங்கம் என்று முடிவுசெய்ய அந்த எண்தான் உதவும்.

நன்றிக் கடிதத்தை ஒரு வாரத்துக்குள் அனுப்புங்கள். வெளியிடப்போகும் பதிவின் இணைப்பையும் அதில் வைத்து, நீக்க வேண்டிய பகுதி உண்டா என்று கேளுங்கள். பதில் வரும்வரை பதிவை ஏற்ற வேண்டாம். அரங்கத்தின் சாவியை மட்டும் கடிதத்துக்காகக் காத்திராமல் மறுநாள் காலையே திருப்பிக் கொடுத்துக் கையொப்பம் வாங்கிவிடுங்கள்.